அரண்டவன் கண்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதிக் கொடுத்தபோது பேச்சு நடையைக் கூடுமானவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஒரு தொழிற்சாலையில் கருவிகளையும் கண்ட்ரோல் பேனல்களையும் பார்த்துக்கொள்ளும் சாதாரண எஞ்சினியர். செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "மாணவர்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுப்பா" என்றார். வேலைவாய்ப்பு, நேர்முகத் தேர்வு பற்றியெல்லாம் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன். அவரும் சரி என்றார். என்ன பேசப் போகிறேன் என்று முழுதாகத் தெரிந்திருந்தால் சரி என்றிருப்பாரோ என்னவோ!

சற்று முன் நம் மைக் "கூ..." என்று கத்தியதே, எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். ஏன் கத்தியது? ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தம் திரும்ப மைக்கில் விழுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஸ்பீக்கர் மறுபடி மைக்குக்கு. ஒரு நொடிக்குள் ஊரையே எழுப்பும் கூச்சல். அதில் யார் குரலும் இல்லை! யாரும் பேசவில்லை. இயந்திரம் தன் சத்தத்தைத் தானே கேட்டுக் கத்துகிறது. 'பாசிட்டிவ் ஃபீட்பேக்' என்று நம் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் படித்தோம். (படித்தோமா என்று பேராசிரியர் முறைக்கிறார். பாஸ் செய்தோம் சார்!)

இந்தக் கூச்சல் மனிதக் கூட்டத்திலும் வரும். அப்படி வந்த ஒரு ஊரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சேலம், 1692

சேலம் என்றதும் மாம்பழத்தை நினைக்காதீர்கள். இது அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் உள்ள சேலம். அப்போது அது ஆங்கிலேயக் குடியேற்றம். சேலம் பட்டணத்தை ஒட்டி, விவசாயிகள் வாழ்ந்த சேலம் கிராமம் என்று ஒன்று இருந்தது. 1692ஆம் ஆண்டு ஜனவரியில் அந்தக் கிராமத்துப் பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு விசித்திரமான வலிப்பு வந்தது. ஒருத்தி அவருடைய மகள் பெட்டி, வயது 9. இன்னொருத்தி உறவுக்காரப் பெண் அபிகெயில், வயது 11. உடம்பை முறுக்கினார்கள், அலறினார்கள், யாரோ கிள்ளுகிறார்கள் என்றார்கள். பார்த்த வைத்தியருக்கு நோய் பிடிபடவில்லை. "இது சூனியம்" என்று சொல்லிவிட்டார்.

நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த ஊர் அப்போது இருந்த நிலையைப் பார்க்க வேண்டும். வடக்கு எல்லையில் பழங்குடிகளோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் போர். அந்த ஜனவரியில்தான் யார்க் என்ற ஊர் தாக்கப்பட்டு, பலர் கொல்லப்பட்டு, பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். எல்லையிலிருந்து தப்பி வந்தவர்கள் சேலம் பக்கமும் குடியேறியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பாஸ்டனில் அம்மை பரவியிருந்தது. குடியேற்றத்தின் பழைய சாசனம் 1684இல் ரத்தாகிவிட்டது. புதிய சாசனத்தோடு ஆளுநர் வந்து சேர்ந்ததே 1692 மே மாதத்தில்தான். போதாததற்கு ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி. பாதிரியாருக்குச் சம்பளம் கொடுப்பதா, விறகு கொடுப்பதா என்பதில் கூடச் சண்டை.

அதாவது ஊரே பயந்து கிடந்தது. பயத்துக்கு ஒரு முகம்தான் இல்லை. வைத்தியர் சொன்ன ஒரு வார்த்தை அந்த முகத்தைக் கொடுத்துவிட்டது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதைத்தானே?

சரி, யார் சூனியக்காரி? முதலில் மூன்று பேர் மீது பழி விழுந்தது. பாதிரியார் வீட்டிலேயே அடிமையாக இருந்த டிட்டுபா. வீடு வீடாகப் பிச்சை கேட்டு, கொடுக்காவிட்டால் முணுமுணுத்துக்கொண்டு போகும் சாரா குட். ஊராருக்கு ஏற்கெனவே பிடிக்காத, பல மாதமாகக் கோயிலுக்கும் வராத சாரா ஆஸ்போர்ன். கவனியுங்கள். ஒரு அடிமை, ஒரு பிச்சைக்காரி, ஒரு ஊருக்கு ஆகாதவள். தண்ணீர் எப்போதும் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். பழியும் அப்படித்தான், கேட்க ஆளில்லாத இடம் பார்த்து முதலில் போகும்.

டிட்டுபா ஒப்புக்கொண்டாள். அவளை அவள் எஜமானர் அடித்ததாகப் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை, இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றாள். அவ்வளவுதான். மைக் கூவ ஆரம்பித்துவிட்டது.

ஊசி நகராத மீட்டர்

ஒரு எஞ்சினியராக இந்தக் கதையில் என்னை உலுக்கியது அந்த விசாரணையின் அமைப்பு. சாட்சியம் என்ன தெரியுமா? "இவளுடைய ஆவி உருவம் வந்து என்னைக் கடித்தது" என்று பாதிக்கப்பட்ட பெண் சொல்வாள். அந்த உருவம் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். "நான் அன்று வீட்டில் இருந்தேன்" என்று குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னால் பயனில்லை. உடம்பு வீட்டில் இருந்திருக்கும், உருவம்தானே வந்தது! மறுத்தால் கல்நெஞ்சக்காரி. அழாவிட்டால் சூனியக்காரி. ஒப்புக்கொண்டால் சந்தேகமே இல்லை, சூனியக்காரி.

எந்த மின்னழுத்தம் கொடுத்தாலும் ஒரே எண்ணைக் காட்டும் வோல்ட் மீட்டரை நாம் என்ன செய்வோம்? ரிப்பேருக்கு அனுப்புவோம். அந்த ஊர் அதை வைத்து மரண தண்டனை கொடுத்தது.

இன்னொரு விஷயம் அதைவிடப் பயங்கரம். ஒப்புக்கொண்டு, அதிலேயே நின்றவர்கள் யாரும் தூக்கிலிடப்படவில்லை. "நான் செய்யவில்லை" என்று உண்மையைச் சொன்னவர்கள்தான் தூக்கில் தொங்கினார்கள். சாமுவேல் வார்டுவெல் என்பவர் முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு மனசாட்சி உறுத்தி, "நான் சொன்னது பொய்" என்றார். அவரைத் தூக்கிலிட்டார்கள். பொய் சொன்னால் உயிர், உண்மை சொன்னால் கயிறு! இப்படி ஒரு கணக்கை ஊர் முன்னால் வைத்தால் என்ன விடை வரும்? ஒப்புக்கொள்பவர்கள் பெருகினார்கள். ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, கூட்டாளி யார் என்றும் சொல்ல வேண்டும். ஆளுக்கு இரண்டு மூன்று பெயர் சொன்னார்கள். அந்த ஆட்கள் பிடிபட்டு அவர்களும் பெயர் சொன்னார்கள். 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு பள்ளம், மேடு என்ற வித்தியாசமே இல்லை. ரெபெக்கா நர்ஸ் என்ற 71 வயது மூதாட்டி, ஊரே மதித்த பக்தை. ஜூரிகள் முதலில் அவர் குற்றவாளி இல்லை என்றே தீர்ப்புச் சொன்னார்கள். உடனே அந்தப் பெண்கள் கூச்சலிட்டார்கள். தலைமை நீதிபதி ஸ்டோட்டன் "மறுபடி யோசியுங்கள்" என்றார். யோசித்து, குற்றவாளி என்றார்கள். ஜூலை 19 அன்று தூக்கு. பிச்சைக்காரி சாரா குட்டையும் அதே நாளில் தூக்கிலிட்டார்கள். சாரா குட்டின் மகள் டாரத்திக்கு வயது ஏறத்தாழ 4. அந்தக் குழந்தையையும் சூனியக்காரி என்று மாதக்கணக்கில் விலங்கிட்டுச் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்தபின் அவள் புத்தி தேறவே இல்லை என்று அவள் தகப்பன் பல ஆண்டுகள் கழித்து மனு எழுதியிருக்கிறான்.

ஜைல்ஸ் கோரி என்ற முதிய விவசாயி, முதலில் தன் மனைவிக்கு எதிராகவே ஏதேதோ சாட்சி சொன்னவர். அடுத்த மாதமே அவரே பிடிபட்டார். வழக்குக்கு உட்பட மறுத்ததால் உடம்பின் மேல் கல்லை அடுக்கி நசுக்கினார்கள், இறந்தார். தூக்கில் இறந்தவர்கள் 19 பேர், 14 பெண்கள், 5 ஆண்கள். சிறையில் குறைந்தது 5 பேர் இறந்தார்கள். உயிரோடு எரித்ததாகச் சிலர் நினைப்பதுண்டு. சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. எல்லாம் சட்டப்படி, நீதிமன்றத்தில், பதிவேட்டில் எழுதி வைத்து நடந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

கயிறு அறுந்தது எப்படி?

நீதிபதிகளில் ஒருவர், நத்தானியேல் சால்டன்ஸ்டால், முதல் தூக்குக்குப் பிறகே மனம் ஒப்பாமல் பதவி விலகிவிட்டார். நல்லவர்தான். ஆனால் அவர் விலகியதால் நீதிமன்றம் நிற்கவில்லை. அவர் இல்லாமலே அடுத்த தூக்குக்குத் தயாரானது. இந்த மனிதரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்ப வருகிறேன்.

அக்டோபரில் இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் இன்கிரீஸ் மேதர் என்ற பெரிய பாதிரியார். நிரபராதி ஒருவர் தண்டனை பெறுவதைவிட, சந்தேகத்துக்குரிய பத்துப் பேர் தப்பிப்பதே மேல் என்பது அவர் வாதம். இன்னொருவர் நம்ம ஆள்! தாமஸ் பிராட்டில், பாஸ்டன் வியாபாரி, கணிதம் தெரிந்தவர். 1680இல் தோன்றிய வால் நட்சத்திரத்தை அளந்து குறித்தவர். அந்த அளவுகளை நியூட்டன் தம் பெரும் நூலில் பயன்படுத்தினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அளக்கத் தெரிந்த அந்த மனிதர், இந்த விசாரணை எதையும் அளக்கவில்லை என்று ஒரு நீண்ட கடிதத்தில் பிட்டுப் பிட்டு வைத்தார்.

அந்த மாதமே ஆளுநர் ஃபிப்ஸ் அந்தச் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். (அதற்குள் அவர் மனைவி பெயரும் அடிபட்டுவிட்டதாகச் சொல்வார்கள். நம் வீட்டுக் கூரையில் பொறி விழுந்தால்தானே தீயின் சூடு தெரிகிறது!) 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றம் கூடியது. "ஆவி உருவம்" என்ற சாட்சியத்துக்கு இனி மதிப்பில்லை என்றார்கள். ஏறக்குறைய அத்தனை பேரும் விடுதலை. குற்றவாளி என்று தீர்ப்பான மூன்று பேருக்கும் ஆளுநர் தண்டனையை நிறுத்தினார்.

ஊரும் அதே ஊர், ஜனங்களும் அதே ஜனங்கள், பயமும் அப்படியே இருந்தது. ஒரே ஒரு வயரைப் பிடுங்கினார்கள். கூச்சல் நின்றுவிட்டது.

பிறகு 1697 ஜனவரியில் குடியேற்றம் முழுவதும் ஒரு நாள் உபவாசம் இருந்து வருந்தியது. அன்று பாஸ்டனில் ஒரு கோயிலில், தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல், தன் பிழையை ஒரு தாளில் எழுதிப் பாதிரியாரிடம் கொடுத்தார். அது வாசிக்கப்பட்டபோது அத்தனை பேர் முன்னிலையில் தன் இடத்தில் எழுந்து நின்றார். பழியும் வெட்கமும் தன்னுடையவை என்று ஏற்றுக்கொண்டார். ஜூரிகள் 12 பேரும் மன்னிப்புக் கேட்டார்கள். 12 வயதில் பலர் மீது பழி சொன்ன ஆன் புட்னம், 1706இல் மன்னிப்புக் கேட்டாள். தலைமை நீதிபதி ஸ்டோட்டன் மட்டும் கடைசிவரை கேட்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. 1693இல் தீர்ப்பான அந்த மூவரில் எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணும் ஒருத்தி. அவள் பெயர் மட்டும் குற்றப் பட்டியலிலிருந்து நீங்காமலே இருந்தது. 2022இல்தான் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றம் அதை நீக்கியது. அதற்காக மனுப் போட்டு, பாடுபட்டவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும்!

அது அந்தக் காலம் என்பீர்களா?

2018 மே மாதம். நம் திருவண்ணாமலை மாவட்டம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்தது. வழி கேட்க நின்ற இடத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் 65 வயது அம்மா ஒருவர். நம் வீட்டுப் பாட்டி செய்ய மாட்டாரா? அந்த வாரங்களில் "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று வாட்ஸப்பில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. அந்த அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். கூட வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். அதே ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் 5 பேர், இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார்கள்.

அப்போது நாடு முழுக்கப் பரவிய வீடியோ ஒன்று உண்டு. பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பார்த்திருப்பீர்கள். அது கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம்! கடைசியில் பிள்ளையைத் திருப்பி விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிவிட்டார்கள். மீதியை நாம் அனுப்பினோம். ஆம், நாம்தான். "எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க" என்று பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில் அனுப்பினோம். சேலத்துக்காரர்களும் பிள்ளைகளைக் காப்பாற்றத்தானே கிளம்பினார்கள்?

அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எஞ்சினியர் பாஷையில் சொன்னால், 'கெயின்' குறைத்தார்கள். நல்லதுதான். ஆனால் மைக் இன்னும் ஸ்பீக்கர் முன்னால்தான் இருக்கிறது.

இப்போது நம் விடுதிக் கதை

இதுவரை ஊர்க்கதை சொன்னேன். இனிமேல் சொல்வதற்குத்தான் இந்த மேடையைக் கேட்டேன்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது எங்கள் விடுதியில் திருட்டு ஆரம்பித்தது. முதலில் ஒருவன் பர்ஸிலிருந்து 500 ரூபாய். அடுத்த வாரம் ஒரு நோக்கியா போன். மூன்றாவது, என்னுடைய கேசியோ கால்குலேட்டர். ஒன்று போனால் தொலைந்தது என்போம், இரண்டு போனால் சந்தேகம் வரும். மூன்றாவது போனதும் "திருடன் இருக்கான்டா" என்று முடிவாகிவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் செமஸ்டர் பரீட்சை. எல்லோருக்கும் எரிச்சல், பயம்.

யார் மேல் சந்தேகம் வரும்? பாலிடெக்னிக் முடித்து, லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தவன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். அதிகம் பேச மாட்டான். ராத்திரி எங்கேயோ போய்விட்டுப் பத்தரை மணிக்குத்தான் வருவான். வீட்டில் கஷ்டம் என்பான், ஆனால் கையில் காசு இருக்கும். போதாதா?

ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அவனை என் அறையில் உட்கார வைத்தோம். நாங்கள் பதினோரு பேர். யாரும் அடிக்கவில்லை. அதை அப்போது பெருமையாகக் கூட நினைத்தோம். கேட்டுக்கொண்டே இருந்தோம், அவ்வளவுதான். "காசு ஏதுடா?" என்றால் பதில் இல்லை. தலையைக் குனிந்தான். அதுவே சாட்சி. ஒருவன் மட்டும் நடுவில், "எனக்குத் தூக்கம் வருதுடா" என்று எழுந்து போனான். சால்டன்ஸ்டாலை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அவர் இவர்தான்!

ஒரு மணிக்கு நான்தான் சொன்னேன்: "ஒத்துக்கிட்டேன்னா வார்டன் சார்கிட்ட போக மாட்டோம். நீ நிம்மதியா பரீட்சை எழுதலாம். இல்லேன்னா காலையில ஆபீஸ் ரூம்தான்." இரண்டு மணிக்கு அவன், "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்றான்.

எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அடுத்த கேள்வி, "பொருள் எங்கே?" எடுக்காதவன் எங்கிருந்து கொடுப்பான்? ஏதாவது சொல்ல வேண்டும். "மெஸ்ல இருக்கிற அண்ணன்கிட்ட குடுத்து வெச்சேன்" என்றான். மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்த அந்த அண்ணன்தான் இவன் தாமதமாக வரும்போதெல்லாம் தட்டில் சோறு எடுத்து மூடி வைப்பார். அந்த விடுதியில் அவனுக்குத் தெரிந்த ஒரே மனிதர் அவர். அதனால் அவர் பெயர்தான் வாயில் வந்தது.

மறுநாள் காலையில் மெஸ் காண்ட்ராக்டர் அவரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். "தம்பி, நான் ஒண்ணும் வாங்கலையே தம்பி" என்று ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். நண்பன் அந்த வாரமே விடுதியைக் காலி செய்தான். மீதி இரண்டரை வருஷமும் தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் வந்து படித்தான். ராத்திரி அவன் போய்க்கொண்டிருந்தது கேட்டுக்கு வெளியே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு. வேலைக்கு! சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான்.

இது எப்படித் தெரியும் என்கிறீர்களா? அது பிறகு தெரிந்தது. ஆனால் எனக்கு முதலில் தெரிந்தது வேறொன்று. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அம்மா என் பையைத் துவைக்கப் போட்டாள். உள்லைனிங் கிழிந்திருந்தது. அதற்குள் கையை விட்டு, "ஏன்டா, தொலைஞ்சு போச்சுன்ன, இங்க இருக்கே?" என்று கால்குலேட்டரை எடுத்து நீட்டினாள்.

திருடன் என்ற முடிவுக்குக் காரணமான மூன்றாவது திருட்டு நடக்கவே இல்லை. பணமும் போனும் யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று நான் விடுதிக்குத் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். நான் சொல்லவில்லை. கால்குலேட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். இன்னொன்று வாங்கினேன். பட்டம் வாங்கினேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. சொல்லவில்லை. அந்தக் கால்குலேட்டர் இன்றும் வேலை செய்கிறது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தப்புச் செய்தவன் கண்டுபிடித்த மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. யார் மேலாவது சந்தேகம் வந்தால், "இது தப்பு என்றால் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு நடந்து போய்ப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகும். நாங்கள் மூன்று மணி நேரம் விசாரித்தோம், அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழிக்கவில்லை. "இல்லை" என்று காட்டவே முடியாத மீட்டரை நம்பாதீர்கள்.

இரண்டு. பேரம் பேசி வாங்கிய ஒப்புதல் சாட்சியம் ஆகாது. "ஒத்துக்கிட்டா விட்டுடறோம்" என்ற வாக்கியத்தை எங்கே கேட்டாலும் எழுந்து நில்லுங்கள். விடுதி அறையானாலும் சரி, நாளைக்கு நீங்கள் மேலதிகாரியாக உட்காரப் போகும் அலுவலகமானாலும் சரி.

மூன்று. தூக்கம் வருகிறது என்று எழுந்து போகாதீர்கள். அன்று எழுந்து போனவன் இன்றும் என் நெருங்கிய நண்பன். "அப்பவே எனக்குத் தப்புன்னு பட்டுதுடா" என்கிறான். பட்டதைச் சத்தமாகச் சொல்லியிருந்தால்? எங்களில் இன்னும் நாலு பேருக்காவது அப்படிப் பட்டிருக்கும். அடுத்தவன் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவரும் பேசாமல் இருந்தோம். "இருங்கடா, காலையில பாக்கலாம்" என்று ஒருவன் சொன்னால் போதும். அதுதான் பிடுங்க வேண்டிய வயர்.

கடைசியாக...

இந்த உரையைத் தயாரித்தபோது, அந்த நண்பனுக்குப் போன் செய்தேன். எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. இப்போது காற்றாலைத் துறையில் நல்ல பொறுப்பில் இருக்கிறான். நடந்ததைச் சொன்னேன். கால்குலேட்டர் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நான் எடுக்கலேன்னு எனக்குத் தெரியாதாடா? அதை நீ எனக்குச் சொல்லணுமா?" என்று சிரித்தான். ஜெராக்ஸ் கடை விஷயத்தையும் அப்போதுதான் சொன்னான்.

மன்னிச்சிடுடா என்றேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. "அந்த அண்ணனைத் தேடினியா?" என்று கேட்டான்.

முதல் சம்பளம் வாங்கியதும் அவன் தேடியிருக்கிறான். காண்ட்ராக்டரும் மாறிவிட்டாராம், யாருக்கும் தெரியவில்லையாம். "உன்னை நான் விட்டுட்டேன்டா. ஆனா அவர் பேரைச் சொன்னது நீ இல்ல, நான். அது போக மாட்டேங்குது" என்றான்.

பெயர் சொல்லாமல் இதைப் பேசிக்கொள்ள அனுமதி கொடுத்தான். இன்றைய விழாவுக்கு அழைத்தேன். வரவில்லை. காரணம் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் காலத்தில் விடுதியில் இருந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாடு பரிமாறிய, இடது புருவத்தில் தழும்பு உள்ள அந்த அண்ணனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரசம் ஊற்றும்போது "இன்னும் கொஞ்சம் தம்பி" என்பாரே, அவர்தான். அவர் எந்த ஊர், இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து சொல்லுங்கள். நானும் நண்பனும் சேர்ந்து போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.

அவர் இதைத் திருடவில்லை. யாரும் திருடவில்லை. அது என் பையில்தான் இருந்தது.